கம்ப்யூட்டிங்கை விட்டுவிட்டுப் புவியியலுக்கு மாறலாமா?

கேள்வி, 10 டிசம்பர் 2024

கென்ட் ரிட்ஜில், அதாவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், முதல் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ். முதல் செமஸ்டர் தேர்வு போன வாரம் முடிந்தது. இதில் நான்கு ஆண்டு தாங்காது என்று தெரிந்துவிட்டது. புவியியலுக்கு மாற நினைக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இப்படி மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எவ்வளவு நஷ்டம்?

10 டிசம்பர், இரவு

நான் மாறியவன். 2000இல் மின்னியல் பொறியியலில் ஓராண்டு முடித்துவிட்டு வணிக நிர்வாகத்துக்குப் போனேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன். தீவின் மேற்கில் இருப்பது. நான் சேர்ந்தபோது இருந்தவை இரண்டு, இரண்டுமே மேற்கில்தான், உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, சுருக்கமாகச் சொல்கிறேன்: மாறாதே. முதல் செமஸ்டர் யாருக்கும் பிடிப்பதில்லை. எல்லாரும் உள்ளே வர முட்டி மோதும் வீட்டில் நீ உட்கார்ந்திருக்கிறாய். அந்தப் படிப்பில் இடம் கிடைத்தவர்களின் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார், கீழ்ப் பத்து விழுக்காட்டு வரம்பே நான்கு பாடத்திலும் ஏ. வெளியே போனால் திரும்பி வரக் கதவு கிடையாது. பிடித்ததைப் பக்கத்தில் வைத்துப் படி. துணைப்பாடம் என்றால் 20 யூனிட், அதாவது ஐந்து பாடம். இரண்டாம் மேஜர், அதாவது இரண்டாவது முதன்மைப் பாடம், என்றால் 40. ஆசையும் தீரும், பட்டமும் நிற்கும்.

நான் மாறியது வேறு கதை. எனக்கு வணிகத்தில் ஆர்வம் இருந்தது.

11 டிசம்பர், காலை

நேற்று எழுதியது தூக்கக் கலக்கத்தில். ஈசூனிலிருந்து ரயிலில் வரும்போது மறுபடி படித்தேன், என் அப்பா எழுதியதைப் போலவே இருக்கிறது.

நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது வேறு. எது தாங்கவில்லை? நிரல் எழுதுவதா, கணிதமா, கூட இருப்பவர்களா? அங்கே பாதிப் பேர் பன்னிரண்டு வயதிலிருந்தே நிரல் எழுதியவர்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கு மூளையே இல்லை என்று தோன்றும். அதற்காகப் படிப்பை மாற்றினால், அடுத்த இடத்திலும் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்திருப்பான்.

11 டிசம்பர், மதியம்

தம்பி இல்லையாம், பெண்ணாம். தங்கச்சி, தெரியாமல் எழுதிவிட்டேன்.

அவர் பதில் எழுதியிருக்கிறார். நிரல் எழுதுவது பிடிக்கிறதாம். ஆனால் எதற்காக எழுதுகிறோம் என்பது கடைசிவரை வருவதே இல்லையாம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் புவியியலை எச்2 என்ற முழுநிலைப் பாடமாக எடுத்திருக்கிறார், அப்போது சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் சேற்றில் நின்று அளந்ததைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாராம். சரி, இது வேறு வகை. பிடிக்காததைச் சொல்ல எல்லாருக்கும் வரும். பிடித்தது இன்னதென்று சேறு வரைக்கும் சொல்ல எனக்கு 2000இல் வரவில்லை.

12 டிசம்பர்

நஷ்டக் கணக்கு கேட்டதால் உட்கார்ந்து எழுதுகிறேன். இது நீளும்.

பட்டத்துக்கு 160 யூனிட், ஒரு பாடம் பெரும்பாலும் 4. ஆக 40 பாடம், செமஸ்டருக்கு ஐந்து, எட்டு செமஸ்டர். நீ முடித்தது ஐந்து பாடம். ஜனவரியில் இன்னும் ஐந்து. மாறினால் இந்தப் பத்தும் காணாமல் போகாது. ஆனால் எந்தப் பெட்டியில் போய் விழும் என்பதுதான் கேள்வி. மூன்று பெட்டி இருக்கிறது. மேஜர் பாடம், எல்லாரும் படிக்க வேண்டிய பொதுப் பாடம், எது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற விருப்பப் பாடம். கம்ப்யூட்டிங் பாடம் எதுவும் புவியியல் மேஜர் பெட்டியில் விழப்போவதில்லை. தரவு பற்றிய பொதுப் பாடம் எடுத்திருந்தால் அது பொதுப் பெட்டிக்குப் போகும். மற்றவை பெரும்பாலும் விருப்பப் பெட்டி. அந்தப் பெட்டி நிறைந்துவிட்டால், மிச்சம் வெறும் பெருமைக்குத்தான்.

2021இல் கலைப் பிரிவையும் அறிவியல் பிரிவையும் மனிதவியல், அறிவியல் கல்லூரி என்று ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தார்கள். தொடங்கியபோது பொதுப் பாடமே 13. அந்தக் கூரைக்குள் சேர்ந்தவன் வரலாற்றிலிருந்து வேதியியலுக்குத் தாவுவது முன்பைவிடச் சுலபம், மேஜரை அறிவிக்கக் கொஞ்ச காலம் தருகிறார்கள். நீ வெளியிலிருந்து உள்ளே வருகிறாய். அவர்கள் முதல் ஆண்டில் முடித்த பொதுப் பாடங்களை நீ இரண்டாம், மூன்றாம் ஆண்டில் துரத்திப் பிடிக்க வேண்டும். அதனால் நஷ்டம் எத்தனை யூனிட் என்று எண்ணாதே, எத்தனை செமஸ்டர் என்று எண்ணு. நான் போட்டுப் பார்த்ததில், ஜனவரி செமஸ்டரில் புத்திசாலித்தனமாகப் பாடம் எடுத்தால் உனக்கு நஷ்டம் பூஜ்யம் அல்லது ஒன்று.

புத்திசாலித்தனம் என்றால் இரண்டு பக்கமும் செல்லுகிற பாடமாகப் பார்த்து எடுப்பது. முதல்நிலைப் புவியியல் பாடம் ஒன்றை இப்போதே எடுத்துப் பார். மாறினால் மேஜர் பெட்டி, மாறாவிட்டால் விருப்பப் பெட்டி. அடுத்த நான்கு ஆண்டுக்குமான கால அட்டவணையை என்யுஎஸ்மோட்ஸ் என்ற இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாணவர் 2012இல் உருவாக்கியது, இன்னும் மாணவர்களே பராமரிக்கிறார்கள். எங்களுக்கு அது இல்லை. எங்களுக்கு இருந்தது அலுவலகச் சுவரில் ஒட்டிய தாள், அதன் முன்னால் முப்பது பேர்.

12 டிசம்பர், இரவு

சுவர்த் தாள் என்றதும் ஞாபகம் வந்தது. 2000இல் நான் மாறும்போது அலுவலக முகப்பில் இருந்தவர், 'கவலைப்படாதே, பழைய பாடமெல்லாம் கணக்கில் வந்துவிடும்' என்றார். நான் நம்பிக்கொண்டு நடந்தேன். கடிதம் வந்தபோது மூன்று பாடம்தான் வந்திருந்தது. போய்க் கேட்டால் அந்த முகப்பில் வேறு ஆள். முதல் ஆள் என்ன சொன்னார் என்பதற்கு என்னிடம் ஒரு சீட்டுகூட இல்லை.

அதனால் யார் என்ன சொன்னாலும் மின்னஞ்சலில் வாங்கு. 'தங்களிடம் பேசியபடி' என்று தொடங்கி நீயே எழுதி அனுப்பிவிடு. அவர் மறுக்காவிட்டால் அது சான்று. இதை நான் அலுவலகத்தில் தினமும் செய்கிறேன். 22 வயதில் தெரியவில்லை.

14 டிசம்பர்

கட்டணம் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார்: மாறினால் கல்வி அமைச்சின் மானியம் போய்விடுமா?

போய்விடும். செமஸ்டர் கணக்கில் கழிப்பார்கள்.

14 டிசம்பர், அரை மணி கழித்து

பாதி தவறு. மானியத்தைக் கழிப்பது ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு இன்னொன்றில் புதிதாகச் சேரும்போது. முதல் இடத்தில் இரண்டு செமஸ்டர் மானியம் வாங்கியிருந்தால், புது இடத்தில் இரண்டு செமஸ்டருக்கு முழுக் கட்டணம். குடிமக்களுக்கு மானியத்தோடு கலைப் படிப்பு ஆண்டுக்கு எட்டாயிரம் வெள்ளியைச் சற்றுத் தாண்டும். மானியம் இல்லையென்றால் முப்பதாயிரத்தைத் தாண்டும். வித்தியாசத்தைக் கையில் எழுதிப் பாருங்கள், வியர்க்கும்.

ஒரே பல்கலைக்கழகத்துக்குள் மாறினால் அந்த வெட்டு இல்லை. அந்தப் படிப்பின் வழக்கமான காலம்வரை மானியம் ஓடும். அதைத் தாண்டி இழுத்தால்தான் தலைவலி. மேலே பூஜ்யம் அல்லது ஒரு செமஸ்டர் என்று நான் எழுதிய அந்த 'ஒன்று' இருக்கிறதே, அதை முதலில் கேட்டுத் தெளிந்துகொள்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியம் வாங்கினால் படிப்பு முடித்து மூன்று ஆண்டு இங்கே வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தம் உண்டு. என்னோடு வேலை செய்யும் திருச்சிக்காரர் ஒருவர் அந்த மூன்று ஆண்டுக்கு வந்தவர், பதினாறு ஆண்டாகிறது, தோபாயோவில் வீடு வாங்கிவிட்டார். உபகாரச் சம்பளத்தில் படிப்பவர்கள் பணம் கொடுத்தவரைக் கேட்காமல் ஒரு பாடத்தைக்கூட அசைக்க முடியாது, அது தனிக் கதை.

15 டிசம்பர்

நான் தங்கச்சி என்கிறேன், அவள் அங்கிள் என்று பதில் எழுதுகிறாள். எனக்கு 46. கணக்கு அவள் பக்கம்தான் சரி. இனி தங்கச்சி வேண்டாம், 'நீ' மட்டும்.

24 டிசம்பர்

முடிவு வந்துவிட்டது. நிரல் எழுதும் பாடம் பி பிளஸ், டிஸ்கிரீட் கணிதம் சி பிளஸ், மற்றவை நடுவில். எதற்கு எஸ்யு போடுவது என்று கேட்கிறாள்.

தெரியாதவர்களுக்கு: ஒரு பாடத்தின் மதிப்பெண்ணை மறைத்துத் 'திருப்தி' என்று மட்டும் காட்டிக்கொள்ளலாம். சி கிரேடுக்குக் கீழே போனால் மறைத்தாலும் பயனில்லை, யூனிட்டே கிடைக்காது. முதல் ஆண்டு மாணவர்கள் மூச்சு விட 2014இல் கொண்டுவந்தது. முதல் இரண்டு செமஸ்டரில் 32 யூனிட்வரை போடலாம். அதோடு சரி, மிச்சம் காலாவதி.

என் கருத்து: கணிதத்தை மறை. மாறினால் அது விருப்பப் பெட்டியில் கிடக்கப்போகிற பாடம், சராசரியை ஏன் இழுக்க வேண்டும். நிரல் பாடத்தை மறைக்காதே. எல்லாவற்றையும் மறைத்தால் மாற விண்ணப்பிக்கும்போது உன்னைப் பற்றிக் காட்ட ஒன்றும் இருக்காது. வெள்ளைத் தாளைப் பார்த்து யார் இடம் கொடுப்பார்கள்?

26 டிசம்பர்

காலாவதி என்றது தவறு. மிச்சமிருந்தால் 12 யூனிட்வரை பின்னால் வரும் செமஸ்டர்களுக்கு எடுத்துப்போகலாம் என்று என் அண்ணன் மகன் திருத்தினான். அவன் இந்த வருடம்தான் முடித்தான். திருத்திவிட்டு, 'சித்தப்பா, நீங்கள் ஏன் இதில் இவ்வளவு மும்முரம்?' என்று கேட்டான். கிறிஸ்மஸ் விடுமுறை, வேறு வேலை இல்லை என்றேன்.

9 ஜனவரி 2025

வீட்டில் சொல்லிவிட்டாளாம். அம்மா கேட்ட முதல் கேள்வி: 'ஜியாகிரபி படிச்சு டீச்சராகவா?' இரண்டாவது: 'மாமா கேட்டால் நான் என்ன சொல்றது?'

இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. என் வீட்டில் அது அத்தை.

முதலாவதற்கு உண்டு. டீச்சராகப் போனால் என்ன குறைச்சல் என்பதை விட்டுவிடுவோம், அந்தச் சண்டையில் யாரும் ஜெயித்ததில்லை. இந்த ஊரில் நிலத்தை அளந்து, வரைந்து, கணினியில் ஏற்றிப் பிழைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று அம்மாவைக் கேட்கச் சொல். நகர மறுசீரமைப்பு ஆணையம், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கழகம் கழகமாக. நில ஆணையத்தின் ஒன்மேப் என்ற இணைய வரைபடத்தைத் திறந்து அம்மாவின் புளோக்கைக் காட்டு. புவியியலும் நிரலும் இரண்டும் தெரிந்தவர்கள் செய்தது அது. உன் முதல் ஆண்டு வீண் என்று யார் சொன்னது?

அப்புறம் ஒன்று. 1960இல் 581 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. ஒரு நாடே ஓயாமல் புவியியல் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருக்கிறது, இங்கே போய் இது எதற்கு உதவும் என்று கேட்கிறோம். தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா நிற்கிறதே, 1828இல் அதைக் கட்டத் தொடங்கியபோது எதிரே கடல். கப்பலில் வந்து இறங்கிய நம் ஆட்கள் ஈரக் காலோடு போய்க் கும்பிட்டிருப்பார்கள். இன்று அங்கே நின்று கடலைப் பார்க்க வேண்டுமென்றால் வங்கிக் கட்டடங்களைத் தாண்டி எங்கேயோ போக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இதை யாரிடமாவது சொல்லிவிடுவேன். என்னோடு சாப்பிட வருபவர்கள் குறைந்துவிட்டார்கள்.

10 ஜனவரி

அப்பா ஒன்றும் பேசவில்லையாம், மத்திய சேமநிதி அறிக்கையை மட்டும் எடுத்துப் பார்த்தாராம். கட்டணத்தை அவருடைய சாதாரணக் கணக்கிலிருந்துதான் கடனாக எடுத்துக் கட்டுகிறார்கள்.

அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. அந்தக் கடனுக்குப் பணம் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. திருப்பிக் கட்டத் தொடங்குவது படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து. ஆகப் படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டால், அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் அத்தனை நாள் வெளியில் நிற்கிறது. வங்கி வழியாகக் கிடைக்கும் கட்டணக் கடனுக்குப் படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. மாறுவதாக இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடு. இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் உதவி நிதிக்கும் தகுதி இருக்கிறதா பார்.

எங்கள் காலத்தில் இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பொய். அப்பா சொல்ல வந்தார், நான் அறைக் கதவைச் சாத்தினேன்.

11 பிப்ரவரி, தைப்பூசம்

காலையில் அண்ணன் காவடிக்குப் பின்னால் சிராங்கூன் சாலையிலிருந்து தேங் ரோடுவரை நடந்தேன். மூன்று கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான், ஆனால் நின்று நின்று போவது, நிறைய யோசிக்க நேரம். இதை எழுதிவிட்டுத் தூங்குகிறேன்.

டிசம்பரில் 'எனக்கு வணிகத்தில் ஆர்வம் இருந்தது' என்று எழுதினேன். 25 ஆண்டாக எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறேன். நேர்காணலில் சொன்னேன், பெண் பார்க்கப் போனபோது சொன்னேன், என் மகனிடமும் சொன்னேன். உண்மை என்னவென்றால் மின்சுற்றுப் பாடத்தில் தோற்றேன். மறுதேர்விலும் இழுபறி. கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் இரண்டரை ஆண்டு, அன்று அவ்வளவு, 2004இல்தான் இரண்டாகக் குறைத்தார்கள். அந்த இரண்டரை ஆண்டில் ஒரு வகையீட்டுக் கணக்குகூடப் போடவில்லை. பத்தொன்பது வயதுப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து சர்க்கென்று போட்டுவிட்டுப் போனார்கள். நான் 21 வயது ஆண்பிள்ளை, கார்ப்ரல், எனக்குக் கேட்கக் கூச்சம். வணிகம் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தது. அவ்வளவுதான் ஆர்வம்.

தவறான இடத்துக்குப் போய்விட்டேன் என்று சொல்ல வரவில்லை. மாறிய இரண்டாம் செமஸ்டரிலேயே கணக்கியல் பிடிபட்டது. ஆனால் உனக்கு நான் முதல் நாள் ராத்திரி 'மாறாதே' என்று எழுதினேனே, அது உன்னைப் பார்த்து எழுதியதில்லை. நீயும் என்னைப் போல ஓடுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

12 பிப்ரவரி

வேலை என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு பொறியியல் நிறுவனத்தில் கொள்முதல். போன மாதம் வாங்கியது மின்மாற்றி. சிரியுங்கள்.

13 பிப்ரவரி

'ஒரு வருடம் வீணாகவில்லையா அங்கிள்?' என்று கேட்கிறாள்.

அப்பா அப்படித்தான் சொன்னார். ஆனால் பொறியியல் நான்கு ஆண்டு, அன்று வணிகம் மூன்று. ஓராண்டு அங்கே, மூன்றாண்டு இங்கே, மொத்தம் நான்கு. பழைய பொறியியல் நண்பர்களோடு ஒரே ஆண்டில்தான் பட்டம் வாங்கினேன். 2003. சார்ஸ் ஆண்டு. மார்ச்சில் வந்து மொத்தம் 33 பேரைக் கொண்டுபோனது, வேலை கொடுக்கிறவன் எல்லாம் கதவை மூடிவிட்டான். பொறியியல்காரனுக்கும் வேலை இல்லை, வணிகக்காரனுக்கும் வேலை இல்லை. எட்டு மாதம் தேக்காவில் மாமாவின் மளிகைக் கடையில் கணக்கு எழுதினேன். எந்தப் படிப்பு என்று தலையை உடைத்துக்கொண்ட நான்கு ஆண்டும், எந்த வருடம் முடிப்போம் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. யோசித்தும் பயனில்லை.

27 பிப்ரவரி

இடைவேளை வாரம். இந்த வாரத்துக்குள் ஒரு பாடத்திலிருந்து விலகினால் சான்றிதழில் விலகியதற்கான டபிள்யூ மட்டும் விழும். தாண்டினால் எஃப், அதாவது தோல்வி. அவளுக்கு ஒரு நிரல் பாடம் கழுத்தைப் பிடிக்கிறது. விட்டுவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மாறும் எண்ணத்தில் இருக்கிறவன் செமஸ்டர் நடுவில் கையை விட்டால், போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால். அவளுக்குச் சேறு பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

புவியியல் பாடம் எப்படி என்று கேட்டதற்கு ஒரே வரி: 'வாசிப்பு ரொம்ப அதிகம், ஆனா தூங்கல.'

19 மார்ச்

இது அவளுக்கு இல்லை, சீருடையில் இருக்கும் பையன்களுக்கு. பல்கலைக்கழகத்தில் ஒதுக்கி வைத்த இடம் இருக்கிறது, ஆனால் மனசு மாறிவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் 'மாற்றம்' கேட்க வேண்டியதே இல்லை. இன்னும் சேரவில்லை அல்லவா? சேவையில் இருக்கும்போதே புதிதாக விண்ணப்பம் போடலாம். புது இடம் கிடைத்து ஏற்றுக்கொண்டால் பழையது விலகும், கிடைக்காவிட்டால் பழையது கையில் இருக்கும். சேர்ந்த பிறகு மாறுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். விண்ணப்பம் மார்ச்சில் மூடிவிடும், தூங்காமல் உடனே போடுங்கள்.

சட்டம், மருத்துவம், பல் மருத்துவம் என்று கேட்டவருக்கு: அங்கே பாதியில் நுழைவது என்பது கிட்டத்தட்ட இல்லை. தேர்வு, நேர்காணல் என்று முதலிலிருந்து எல்லாரோடும் வரிசையில் நிற்க வேண்டும். பொறியியலுக்குள் வர நினைப்பவர்களும் கவனியுங்கள், அதற்கு அங்கீகார வாரியம் தனியாக இருக்கிறது, இன்ன இன்ன பாடம் இவ்வளவு என்று பிடிவாதம் பிடிக்கும். உங்கள் பழைய பாடங்கள் அங்கே சுலபத்தில் கரையாது. வெளியே போவது இறக்கம், உள்ளே வருவது ஏற்றம். கென்ட் ரிட்ஜில் நடந்தவர்களுக்குப் புரியும்.

என் மகனுக்கும் வணிகத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவன் இதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை.

6 மே

விண்ணப்பத்தில் 'ஏன் மாற விரும்புகிறீர்கள்' என்ற பகுதியை எனக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். 'சிறுவயது முதலே எனக்கு இயற்கையின்மீது தீராத ஆர்வம்' என்று தொடங்கியிருந்தது. அடித்துவிடச் சொன்னேன். ஆர்வம் என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. சுங்கை பூலோவில் எத்தனை மணிக்கு நின்றாய், என்ன அளந்தாய், அளந்தது எங்கே தப்பானது, அதை எழுது என்றேன். ஓதம் ஏறும் நேரத்தைத் தப்பாகப் பார்த்துக் கருவியோடு முழங்கால்வரை நனைந்தார்களாம். அதுதான் தொடக்கம். அப்புறம், எழுதிய நிரலை வைத்து அதே சதுப்பு நிலத்தை மறுபடி எப்படி வரைவேன் என்று ஒரு பத்தி.

10 ஜூன்

கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டிங் பாடங்களில் எத்தனை எங்கே விழுந்தன என்பதை மின்னஞ்சலில் வாங்கி வைத்திருக்கிறாளாம். தரவுப் பாடம் பொதுப் பெட்டி. இந்தச் செமஸ்டரில் எடுத்த புவியியல், மேஜர். மற்றவை விருப்பம், அது ஏறக்குறைய நிறைந்துவிட்டது. இனிமேல் ஆசைக்கு ஒரு ஜப்பானிய மொழிப் பாடம்கூட எடுக்க இடம் இருக்காது. எட்டு செமஸ்டரில் முடியும் என்றுதான் அட்டவணை சொல்கிறது.

அம்மா மாமாவிடம் 'கம்ப்யூட்டர்ல மேப் போடுற படிப்பு' என்று சொல்லியிருக்கிறார். பொய்யும் இல்லை. கெட்டிக்கார அம்மா.

13 ஆகஸ்ட்

முதல் வாரம். பழைய கட்டடத்திலிருந்து புதிய வகுப்புக்குப் பத்து நிமிட நடைதான், ஆனால் 'வேற ஊருக்கு வந்த மாதிரி இருக்கு' என்று எழுதியிருக்கிறாள். கம்ப்யூட்டிங் தோழிகள் சாப்பிட இன்னும் டெக் கேன்டீனுக்கு வருகிறார்களாம். ஒரு குறை: முதல் டுடோரியலில் எல்லாரும் பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள், விடை என்ன என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

பழகிவிடும் என்று எழுதினேன். அழித்துவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்?

17 ஆகஸ்ட்

இதையும் எழுதிவிட வேண்டியதுதான்.

மகன் வெள்ளிக்கிழமை இரவு முகாமிலிருந்து வந்தான். துணியைச் சலவை இயந்திரத்தில் போட்டுக்கொண்டே, 'அப்பா, நான் வணிகத்த விட்டுட்டேன். மார்ச்ல புதுசா அப்ளை பண்ணினேன், கிடைச்சிருச்சு' என்றான். ஐந்து மாதமாக வாயைத் திறக்கவில்லை. என்ன படிப்பு என்றேன். மின்னியல் பொறியியல்.

யார் உனக்கு விண்ணப்பம் போடச் சொன்னது என்று கேட்டேன். 'நீங்கதான். மார்ச் 19, மலைக்கும் மடுவுக்கும்' என்றான். மேற்கில் இரண்டுதான் இருந்தது என்று எழுதிய முதல் நாளே யார் என்று கண்டுபிடித்துவிட்டானாம். அப்படியானால் தைப்பூசத்தன்று எழுதியதையும் படித்திருக்கிறான்.

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் பெண் பார்க்க வந்தபோது சொன்ன கதைதான் தெரியும்.

நான் ஒன்றும் பேசாமல் நின்றேன். அவன் இயந்திரத்தின் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்: 'அந்தச் சர்க்யூட் பாடம் இன்னும் முதல் வருஷத்துலதான் இருக்கான்னு பார்த்தேன்பா. இருக்கு. உங்க நோட்ஸ் ஏதாவது வச்சிருக்கீங்களா?'